வரி கேளாத நகரும் வரி கேட்கும் வீடும்

ஷார்ஜா தொழில்பேட்டையில் வாழும் எம்மவரிடம், இந்த நகருக்கு நீங்கள் என்ன வரி செலுத்துகிறீர்கள் என்று வினவினால் பெரும்பாலோர் சிரிப்பர். வரியில்லாத நாடு என்பதற்காகவே கடல் கடந்து வந்தோம் என்பார் ஒருவர். சம்பளத்தில் ஒரு திர்ஹமும் கழிக்கப்படுவதில்லை என்பார் மற்றொருவர். அதே மனிதரிடம், யாழ்ப்பாணத்திலுள்ள வீட்டிற்குச் சோலைவரி கட்டியாயிற்றா என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பு நின்றுவிடும். தலையைச் சொறிவார். தங்கையிடம் சொல்லியிருக்கிறேன், கட்டினாளோ தெரியாது என்பார். குடியிருக்கும் நகர் எதுவும் கேட்பதில்லை. குடியிருக்காத வீடோ ஆண்டுக்கு நான்கு தடவை கேட்கின்றது. இந்த விசித்திர நிலையைக் கொஞ்சம் ஆராய்வது பயனுடையது.

இலக்கமிடப்பட்ட வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுக் கிடக்கும் இத்தொழில்பேட்டையை அறியாதவர்க்கு ஒரு சொல். வாகன உதிரிப்பாகக் கடைகள், வாகனம் திருத்தும் கூடங்கள், மரத்தளபாடப் பட்டறைகள், இரும்புக் கிடங்குகள், அவற்றின் பின்னாலும் மேலேயும் தொழிலாளர் தங்குமிடங்கள். 'நேஷனல் பெயின்ட்ஸ்' என்று சொன்னால் பேருந்துச் சாரதி முதல் பாண் விற்பவர் வரை யாவர்க்கும் இடம் விளங்கும். வெள்ளிக்கிழமை மாலைகளில் ரோலாப் பக்கம் போனால் தமிழ், மலையாளம், வங்காளம், உருது ஆகிய மொழிகள் யாவும் ஒரே வீதியிற் கேட்கும். எம்மவரின் தொகை இவர்களிடையே சிறியது. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, மலையகம் என்று பல இடத்தவரும் இருக்கின்றனர். இவர்களிற் பலர் அகதிகள் என்ற பெயரோடு வந்தவரல்லர். வேலைவாய்ப்பு விசாவோடு வந்தவர்கள். ஆயினும் 1990களில் கொழும்பு விடுதிகளிற் காத்திருந்து, ஐரோப்பாவுக்குப் போகப் பணம் போதாமையால் வளைகுடாவுக்கு வந்தவர்களை வேறு என்ன பெயரிட்டு அழைப்பது?

ஐக்கிய அரபு அமீரகம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட நாடன்று. 2012இல் நடுக்கடலில் மீட்கப்பட்டு டுபாயின் ஜெபல் அலித் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்ட நாற்பதுக்கு மேற்பட்ட ஈழத்தமிழர் பட்ட பாட்டை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எனவே இங்கு வாழ்வோர் அகதியென்ற சொல்லைத் தம்மீது சூட்டிக்கொள்வதில்லை. விசா முடிந்தால் வீடு திரும்ப வேண்டியவர்கள். அந்த 'வீடு' என்ற சொல்லுக்குள்ளேதான் நமது கதை இருக்கின்றது.

முதலில் இந்நகரின் கணக்கு. ஷார்ஜாவின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை அமீரகத்தின் நிதித் திணைக்களம் தயாரிக்க, ஆட்சியாளர் அதற்கு அங்கீகாரம் அளிக்கின்றார். 2025ஆம் ஆண்டுக்கென ஏறத்தாழ 4,200 கோடி திர்ஹம் ஒதுக்கப்பட்டது. உட்கட்டமைப்பு வேலைகளுக்கே அதில் முதலிடம். ஆலோசனைச் சபையொன்று 1999இல் அமைக்கப்பட்டு, 2016 முதல் அதன் உறுப்பினரிற் பாதிப்பேரை உள்நாட்டுக் குடிமக்கள் வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். வெளிநாட்டவர்க்கு அதில் இடமில்லை. வந்தேறிகளாகிய நாம் அதைக் குறை கூறுவதற்கில்லை. எந்த ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டு வந்தோமோ அந்த ஒப்பந்தத்தில் வாக்குரிமை என்ற வாசகம் இருக்கவில்லை.

ஆதனவரி என்ற பெயரில் இங்கு எதுவும் இல்லை என்பது மெய். ஆனால் நகரொன்று காற்றை உண்டு வாழ்வதில்லை. வாடகை ஒப்பந்தம் ஒவ்வொன்றும் மாநகரசபையில் உறுதிப்படுத்தப்படல் வேண்டும். அதற்கு ஆண்டு வாடகையில் ஒரு வீதம் கட்டணமாக அறவிடப்படுகின்றது. 2024இன் புதிய வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுதிய 15 நாட்களுள் இதைச் செய்தாக வேண்டும். அயலிலுள்ள டுபாயிலோ ஆண்டு வாடகையின் 5 வீதத்தைப் பன்னிரண்டு கூறாக்கி, மாதாந்த மின்சார நீர்ப் பட்டியலிலேயே சேர்த்துவிடுகின்றனர். வாடகைப் பெறுமதியில் நூற்றுக்கு இவ்வளவு என்பதுதானே நமது ஊர்ச் சோலைவரியும்? பெயர் மாறினால் வரி மறைந்துவிடுமா என்ன! ஒரேயொரு வித்தியாசம், அங்கே வீட்டுக்காரர் செலுத்துகிறார். இங்கே குடியிருப்பவர் செலுத்துகிறார்.

2018 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் பெறுமதிசேர் வரி 5 வீதம் வந்தது. அது பாணிலும் பருப்பிலும் ஏறியது. 2025 ஏப்ரல் முதல் ஷார்ஜாவிற் கழிவுநீர்க் கட்டணமாக ஒரு கலன் நீருக்கு ஒன்றரை பில்ஸ் அறவிடத் தொடங்கினர். குடிமக்களுக்கு அதில் விலக்கு. ஒன்றரை பில்ஸ் என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லை போலிருக்கும். ஓர் அறைக்கு எட்டுப்பேர் தங்கும் கட்டடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கலன் நீர் ஓடும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்கட்டணம் ஏன் வந்தது என்பதற்கு எவரும் நமக்கு விளக்கம் கூறத் தேவையில்லை. 2024 ஏப்ரல் 16ஆம் திகதி பெய்த மழையை நேரிற் கண்டவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை. 1949இற் பதிவுகள் தொடங்கிய காலந்தொட்டு அமீரகம் காணாத மழை அது. அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் 254 மில்லிமீற்றருக்கும் அதிகமாகப் பெய்தது. ஷார்ஜாவில் அல் மஜாஸ், அல் காசிமியா, தொழில்பேட்டையின் தாழ்ந்த வட்டாரங்கள் யாவும் நீரில் மூழ்கின. மழை ஒருநாளில் ஓய்ந்துவிட்டது. தேங்கிய நீரோ பல நாட்களாக வடியவில்லை. கொள்கலன் ஊர்திகள் இரவு பகலாக நீரை உறிஞ்சி ஏற்றிச் சென்றன. இடுப்பளவு நீரில் நின்று கடைச் சாமான்களைத் தலையிற் சுமந்தவர்களில் எம்மவரும் இருந்தனர். நீர் வடிந்தபின் வாகனம் திருத்தும் கூடங்களில் மூழ்கிய கார்கள் வரிசையில் நின்றன. ஒருவர் கெடுவது இன்னொருவர்க்குத் தொழில் என்பதைத் தொழில்பேட்டைக்காரர் அன்று நன்கு அறிந்தனர்.

வடிகால் இல்லாத நகரில் வடிகால் அமைக்கப் பணம் வேண்டும். அப்பணம் எவரிடமிருந்து வரும்? எண்ணெயிலிருந்து வரும் என்ற விடை ஷார்ஜாவுக்குப் பொருந்தாது. அபுதாபியின் எண்ணெய் வளம் இங்கில்லை. கட்டணங்களிலிருந்துதான் வரவேண்டும். கட்டணம் நிறுவனத்தின் மீது விதிக்கப்படும். நிறுவனம் அதை விலையிலோ சம்பளத்திலோ சரிக்கட்டும். ஐம்பது பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வேலைக்கமர்த்திய நிறுவனம், குறைந்த சம்பளம் பெறும் தொழிலாளர்க்குத் தங்குமிடம் வழங்க வேண்டுமென்பது 2016 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதி. அவ்வாறான தங்குமிடத்தில் இருப்பவர் எந்தப் பட்டியலையும் காண்பதில்லை. சிறு கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்து, சொந்தச் செலவிற் படுக்கையொன்றை வாடகைக்கு எடுத்திருப்பவர்தான் இதை உணர்வார். மாத முடிவிற் படுக்கை வாடகை ஐம்பது திர்ஹம் கூடியிருக்கும். ஏன் என்று கேட்டால், தண்ணிக் காசு கூடிப்போச்சு என்பார் அறையைப் பொறுப்பெடுத்தவர். அவ்வளவே அவருக்குத் தெரிந்த வரவு செலவுத் திட்டம்.

இனி, வரி கேட்கும் வீட்டுக்கு வருவோம்.

உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த வட்டாரமொன்றில், தேநீர்க் கடை வாசலிற் கேட்ட உரையாடல் இது. ஒருவர் கொழும்புத்துறையைச் சேர்ந்தவர், ஐம்பது வயதைக் கடந்தவர். மற்றவர் நல்லூர் இளைஞர்.

"தம்பி, உங்கட வீட்டுச் சோலைவரி இந்த முறை கட்டியாச்சோ?"

"இல்லை அண்ணை. வீடு மாமா பேரில இருக்கு. மாமா கனடாவில. அவர் கட்டுவார் எண்டு நாங்கள், நாங்கள் கட்டுவம் எண்டு அவர்."

"அப்ப ஒருத்தரும் கட்டேல்லை."

"ஒருத்தரும் கட்டேல்லை அண்ணை. ஏழெட்டு வரியம் இருக்கும்."

இக்கட்டுரையின் பொருள் முழுவதும் இவ்வுரையாடலில் அடங்கிவிட்டது எனலாம். ஆயினும் இவ்வரி எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பதை அறியாதவர் பலர். எனவே சற்று விரிவாகக் கூறுவோம்.

உத்தியோக மொழியில் ஆதனவரி என்றும், நமது பெற்றோர் வாயிற் சோலைவரி என்றும் வழங்கும் இவ்வரி, வீட்டின் விலைமீது விதிக்கப்படுவதன்று. வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதை 'ஆண்டுப் பெறுமதி' என்று பதிவேட்டில் எழுதுவர். அப்பெறுமதியில் நூற்றுக்கு இவ்வளவு என்று சபை தீர்மானம் நிறைவேற்றும். ஓர் உதாரணத்துக்காக, ஆண்டுப் பெறுமதி 20,000 ரூபா என்றும் வீதம் 10 என்றும் வைத்துக்கொண்டால் வரி 2,000 ரூபா. காலாண்டுக்கு 500 ரூபா. ஆண்டு முழுவதற்குமான தொகையை ஜனவரி 31க்கு முன் செலுத்துவோர்க்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்துள் செலுத்தினால் நூற்றுக்கு ஐந்து கழிவு. செலுத்தாது விட்டால் பிடியாணைச் செலவு சேரும். அசையும் பொருள்களைக் கைப்பற்றி விற்கவும், அது போதாவிடின் ஆதனத்தின்மீதே கைவைக்கவும் சட்டம் இடமளிக்கின்றது.

ரொறொன்ரோவிலோ லண்டனிலோ வாழும் வாசகர்க்கு இத்தொகை நகைப்பை விளைவிக்கும். ஒரு நாள் சாப்பாட்டுக் காசு என்பர். ஆனால் ஒரு மாநகரசபை தானே தீர்மானித்துத் தானே திரட்டும் பணத்தில் முதன்மையானது இதுதான். ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி கொழும்பிலிருந்து மாகாண நிர்வாகத்தினூடாக வருகின்றது. நீதிமன்றத் தண்டப்பணமும் முத்திரைத் தீர்வையும் அவ்வாறே சுற்றிவளைத்து வரும். எப்போது வருமென்பது வருவோர் கையில் இல்லை. சந்தைக் கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம், வாகனத் தரிப்பிடக் குத்தகை ஆகியவை மீதி. வரியைத் தவிர ஏனையவை யாவும் பிறர் இரக்கத்தையோ சந்தையின் நிலையையோ பொறுத்தவை.

மேற்குநாட்டு நகர்களில் வரிவீதம் தீர்மானிக்கப்படும் முறை வேறு. முதலிற் செலவைக் கணக்கிடுவர். பிற வருமானங்களை அதிலிருந்து கழிப்பர். எஞ்சிய பற்றாக்குறையை நகரிலுள்ள வீடுகளின் மொத்தப் பெறுமதியால் வகுப்பர். வருவதே அவ்வாண்டின் வீதம். ஆதலால் வீடுகளின் விலை யாவும் ஒருசேர ஏறினாலும் வரி தானாக ஏறாது, வீதம் இறங்கும். ஒன்ராறியோவில் 2016 ஜனவரி முதலாந் திகதிப் பெறுமதியையே இன்னமும் வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் வீதத்தை மாற்றிவருகின்றனர். இங்கிலாந்திலோ 1991 ஏப்ரல் விலையை அடிப்படையாகக் கொண்ட படிநிலைகள் இன்றும் மாறவில்லை. 1990இல் தலைக்கு இவ்வளவென்று வரி விதிக்கப்போய், லண்டனிற் கலகம் மூண்டு, அதே ஆண்டு நவம்பரிற் பிரதமர் தாச்சர் அம்மையார் பதவி துறந்ததும், 1993இற் தற்போதைய சபை வரி வந்ததும் அக்காலத்து அகதிகளுக்கு நினைவிருக்கும். தங்குமிடமின்றித் தவித்த எம்மவர் பலர், வரிப் படிவத்தில் எவர் பெயரையும் பதியாது நான்கைந்து குடும்பமாக ஒரே வீட்டிற் பதுங்கிய காலம் அது.

யாழ்ப்பாணத்தில் நடைமுறை இதற்கு நேர்மாறு. வீதம் அசைவதில்லை. பெறுமதியோ எப்போதாவது மீள்மதிப்பீடு செய்யப்படும்போது ஒரேயடியாகத் துள்ளுகின்றது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யவேண்டியதைப் போர் நடந்த காலத்தில் யார் செய்வது? மாடி வீட்டுக்கும், கூரையிழந்து சுவர் மட்டும் நிற்கும் வீட்டுக்கும் பழைய ஏட்டில் ஒரே பெறுமதி இருந்த காலமும் உண்டு. மீள்மதிப்பீடு வந்ததும் ஆட்சேபனை எழுதுவோர் வரிசை. வரியைக் கூட்ட எந்த உறுப்பினரும் கைதூக்கார். வடிகால் வேண்டும், வீதி விளக்கு வேண்டும், குப்பை அள்ள வேண்டும் என்று கோரும் கைகள் மட்டும் குறைவதில்லை.

மாநகரசபையின் வரலாற்றையும் இவ்விடத்திற் சுருக்கமாக நினைவுகூர வேண்டும். 1949இல் மாநகரசபையாக உயர்ந்து, சாம் சபாபதி அவர்களை முதலாவது முதல்வராகக் கொண்ட சபை இது. முதல்வர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27இல் பொன்னாலையிற் கொல்லப்பட்டார். நீண்டகாலம் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின்றி ஆணையாளர் ஆட்சியில் இருந்தபின், 1998இல் முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே 17இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரை அடுத்து வந்த பொன். சிவபாலன் செப்டம்பர் 11இல் குண்டுவெடிப்பிற் பலியானார். ஒரே ஆண்டில் இரு முதல்வர்களை இழந்த நகர் உலகில் வேறெங்கும் உண்டோ அறியோம். இத்தகைய கதிரையில் அமர்ந்து வடிகாலுக்கும் வீதி விளக்குக்கும் கணக்கெழுதுவதென்பது சாதாரண காரியமாக இருந்ததில்லை.

போர் ஓய்ந்தபின் சபையில் உயிர்ப்பலி இல்லை. ஆனால் வரவு செலவுத் திட்டமே ஆயுதமாகிவிட்டது. 2018 பெப்ரவரித் தேர்தலில் 45 உறுப்பினர் கொண்ட சபையில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. கூட்டமைப்புக்கு 16, தமிழ்த் தேசிய மக்கள் முன்னணிக்கு 13, ஈ.பி.டி.பி.க்கு 10, மீதி சிறு கட்சிகளுக்கு. இம்மானுவேல் ஆர்னோல்ட் முதல்வரானார். பதவிக்காலத்தின் பிற்பகுதியில் முதல்வரின் வரவு செலவுத் திட்டம் இருமுறை தோற்கடிக்கப்பட்டால் அவர் பதவி இழந்தவராகக் கருதப்படுவார் என்பது சட்டம். 2020 டிசம்பரில் அதுவே நடந்தது. புரவிப் புயல் வந்து நகரின் தாழ்ந்த பகுதிகளை வெள்ளக்காடாக்கிய அதே டிசம்பர்! நாவாந்துறையிலும் குருநகரிலும் மக்கள் முழங்கால் நீரில் நிற்க, சபையில் எண்ணிக்கைக் கணக்கு நடந்தது. டிசம்பர் 30இல் 21க்கு 20 என்ற ஒற்றை வாக்கு வித்தியாசத்தில் வி. மணிவண்ணன் முதல்வரானார்.

அவர் நகரத் தூய்மைக்கென, கண்ட இடத்திற் குப்பை போடுவோரிடமும் வெற்றிலை துப்புவோரிடமும் தண்டம் அறவிட ஒரு காவற் பிரிவை அமைத்தார். அவர்களின் சீருடை நிறம் பழைய காவல்துறையொன்றை நினைவூட்டுவதாகக் கூறி 2021 ஏப்ரலிற் பயங்கரவாத விசாரணைப் பிரிவினர் முதல்வரையே கைது செய்தனர். அன்றே பிணையில் வந்தார். குப்பைக்குத் தண்டம் விதிக்க முனைந்த மாநகர முதல்வருக்குப் பயங்கரவாத விசாரணை! இதை ஷார்ஜாவில் உள்ள பிறநாட்டு நண்பர்க்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 2022 டிசம்பர் முடிவில் அவரும் வரவு செலவுத் திட்ட நெருக்கடியிற் பதவி விலகினார். 2023 தொடக்கத்தில் மீண்டும் ஆர்னோல்ட். மீண்டும் தோல்வியுற்ற திட்டம். மார்ச் 19இற் சபையின் ஆயுளே முடிந்தது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தலும் நடக்கவில்லை. திறைசேரியிற் பணமில்லை என்றனர். அது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6இல் நடந்தது. ஜூனில் தமிழரசுக் கட்சியின் விவேகானந்தராஜா மதிவதனி முதல்வராகத் தெரிவானார். இம்முறையும் எவர்க்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை.

இத்தனை சண்டையும் எதைப்பற்றி? வரியை நூற்றுக்கு ஒன்று கூட்டுவதா குறைப்பதா என்பதைப்பற்றியா? அப்படியிருந்திருந்தால் மகிழ்ந்திருப்போம். சண்டை கதிரையைப் பற்றியது. நகருக்குப் பாதாள வடிகாலமைப்பு இன்னமும் இல்லை. மலக்குழிகளும் கிணறுகளும் அடுத்தடுத்து இருக்கும் சுண்ணாம்புக்கல் நிலத்தில் நிலத்தடிநீர் கெடுவது பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரிக்கப்பட்டு வருகின்றது. ஷார்ஜாவில் ஒன்றரை பில்ஸ் அறவிட ஒரு தீர்மானம் போதும். அங்கு எவரும் கைதூக்கவில்லை. எவரும் எதிர்த்து வாக்களிக்கவுமில்லை. யாழ்ப்பாணத்தில் நாற்பத்தைந்து பேர் கைதூக்கக் காத்திருக்கின்றனர். வடிகாலுக்கான பணமோ கணக்கில் எழுதப்படுவதேயில்லை. இவ்விரண்டில் எது மேல் என்று கேட்டால், கைதூக்கும் உரிமையே மேல் என்பதே இவ்வெழுத்தாளரின் கருத்து. ஆனால் வெள்ளத்தில் நின்றவரிடம் அதை உரக்கச் சொல்லத் தயக்கமாக இருக்கின்றது.

இப்போது புலம்பெயர்ந்தோரின் பங்கு. யாழ் நகரில் 1995 ஒக்டோபர் 30 இரவு வெளியேறியோரிற் பலர் திரும்பி வந்தனர், பலர் வரவேயில்லை. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், அதே ஒக்டோபர் 30இல், சோனகத் தெருவின் முஸ்லிம் மக்கள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் வீடுகளும் அதே வரிப் பதிவேட்டிலேயே இருந்தன. ஆளில்லா வீட்டின் வரி நிலுவை ஆண்டுக்காண்டு ஏறியது. நாடு கடந்து வாழும் உரிமையாளர்க்கு உள்ளூராட்சித் தேர்தலில் வாக்கில்லை; இலங்கை வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க ஏற்பாடு செய்யவில்லை. ஆக, ஷார்ஜா தொழில்பேட்டைக்காரர் வாழும் நகரிலும் வாக்கற்றவர், வரி கட்டும் நகரிலும் வாக்கற்றவர். லண்டனில் இருப்பவர் நிலை வேறு. பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில், வதிவிட அனுமதி பெற்ற இலங்கைக் குடிமகன் பிரித்தானியக் குடியுரிமை எடுக்கு முன்னரே அங்கு வாக்களிக்கலாம். இதை அறியாது ஆண்டுக்கணக்காக வாக்காளர் இடாப்பிற் பெயர் பதியாதிருப்போர் எத்தனை பேர்! கனடாவில் குடியுரிமை வேண்டும். 2024இல் ரொறொன்ரோ தனது ஆதனவரியை 9.5 வீதம் உயர்த்தியது. 1998இல் நகர்கள் ஒன்றிணைக்கப்பட்டபின் இதுவே மிகப்பெரிய உயர்வு. அதற்கு முன் பொதுமக்களின் கருத்துக் கேட்கும் அமர்வுகள் நடந்தன. எவரும் போய்ப் பேசலாம். ஸ்காபரோவில் வீடு வாங்கிய எம்மவர், உயர்வு வந்தபின் கோவில் வீதியில் நின்று பேசினார்களேயன்றி, வருமுன் அங்கு சென்று பேசியோர் மிகச் சிலரே.

வரி நிலுவையைப் பற்றிக் கவலையற்றிருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோலைவரிப் பற்றுச்சீட்டு உரிமை உறுதியாகாது. நீதிமன்றில் அதுமட்டும் காட்டிக் காணியை வெல்ல முடியாது. எனினும் ஆட்சியை, அதாவது அக்காணியை நாம் கைவிடவில்லை என்பதைக் காட்டும் சான்றுகளில் அதுவும் ஒன்று. பத்தாண்டு தடையின்றி, உரிமையாளரை ஏற்காது ஒருவர் காணியை ஆண்டு அனுபவித்தால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது இலங்கைச் சட்டம். வெற்று வீட்டிற் குடியேறியவர் முதலிற் செய்வது என்ன? வேலி அடைப்பது, அடுத்து, தமது பெயரில் வரி கட்டுவது. பதிவேட்டில் ஒரு பெயர் மெல்ல மாறிவிடும். கொழும்புத்துறை அண்ணை கவலைப்பட்டது இதைப்பற்றித்தான். இரண்டாயிரம் ரூபாவைப் பற்றியன்று.

போரினால் தமது காணிக்குச் செல்ல இயலாதிருந்தோர்க்கு நீதி செய்ய 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயலால் உரிமையை நிலைநாட்ட முடியாது போனவர்க்கெதிராக அக்காலத்தைக் கணக்கிலெடுக்கலாகாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம். ஆனால் 2009க்குப் பின்னர் கழிந்த ஆண்டுகளுக்கு அது பாதுகாப்பளிக்காது. போர் முடிந்து பத்தாண்டு 2019இலேயே கடந்துவிட்டது. எனவே 'பிரச்சினை நேரத்தில் போக முடியாது' என்ற பழைய நியாயத்தை இன்று சொல்லிப் பயனில்லை. காணி வழக்கு என்று வந்துவிட்டால் ஊரிலுள்ள சட்டத்தரணியிடம் உறுதியைக் காட்டி அறிவுரை பெறுவதே முறை. இக்கட்டுரை அதற்கு ஈடாகாது.

வேறொரு சிக்கலும் உண்டு. இறந்த தந்தையின் பெயரிலேயே பதிவேடு இருக்கும். பிள்ளைகள் நால்வர் நான்கு நாட்டில். ஒருவர் ஷார்ஜாவில் இரும்புக் கிடங்கில், ஒருவர் பாரிஸில், ஒருவர் மார்க்கத்தில், கடைசித் தங்கை மட்டும் ஊரில். சீதன உறுதி எழுதப்பட்டதா, முதுசமா, பாகம் பிரித்ததா என்பது எவர்க்கும் தெளிவில்லை. தங்கை வரி கட்டுகின்றாள். பற்றுச்சீட்டை அலமாரியில் வைக்கின்றாள். பத்து ஆண்டு கழிந்து தமையன்மார் பங்கு கேட்டு வரும்போது அச்சீட்டுக் கட்டு மேசைமேல் வரும். அவள் கட்டிய பணத்துக்கு மதிப்புண்டு. ஆனால் கூட்டுரிமையாளர் ஒருவர் வரி கட்டியதால் மட்டும் மற்றவர் உரிமை அற்றுப்போவதில்லை. இதை முன்கூட்டியே பேசித் தீர்க்கும் குடும்பங்கள் குறைவு. பேசாமைக்குக் காரணம் பணமன்று, வெட்கம்.

ஷார்ஜாவிலுள்ளவர் செய்யக்கூடியவை சில. நிலுவை எவ்வளவு என்பதை மாநகரசபையின் வரிப் பகுதியில் மதிப்பீட்டு இலக்கத்தைக் கொடுத்து உறவினர் மூலம் அறியலாம். இலக்கம் பழைய பற்றுச்சீட்டில் இருக்கும்; சீட்டு எரிந்தோ தொலைந்தோ போயிருந்தால் வட்டாரமும் வீதியும் அயல்வீட்டு இலக்கமும் போதும். பணத்தைக் கட்டுபவர் யாராயினும் சீட்டில் உரிமையாளரின் பெயரே வரவேண்டும் என்று வற்புறுத்த வேண்டும். பதிவேட்டில் வேறு பெயர் புகுந்திருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபனை கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தை வாங்கி வைத்தல் வேண்டும். சீட்டுகளின் பிரதியொன்றைத் தொழில்பேட்டை அறையிலுள்ள பெட்டிக்குள் வைப்பதைவிட, ஊரிலும் வெளிநாட்டிலும் இருவரிடம் பிரித்து வைப்பது நன்று. அறை எந்நேரம் காலிசெய்யப்படும் என்பது எவர்க்கும் தெரியாது. 2020இல் ஷார்ஜாவின் அல் காதிசியா வட்டாரத்திலிருந்து தனியாளர்கள் வெளியேற்றப்பட்டபோது, கடவுச்சீட்டைத் தவிர எதையும் எடுக்க நேரமில்லாதோர் இருந்தனர்.

பத்து வீதக் கழிவு வேண்டுவோர்க்கு ஜனவரி 31 இறுதி நாள். நல்லூர்த் தம்பி கனடா மாமாவுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டதாகவும், நிலுவையைப் பாதிப் பாதியாகக் கட்டுவதென்று முடிவாகியிருப்பதாகவும் அறிகின்றோம்.